குழாயில் கட்டிய குருத்தோலை

எங்கள் நுகுரான் தீவில் வீடுகளைவிட வரவேற்பு வளைவுகள் அதிகம். படகுத்துறையில் ஒன்று, அதைத் தாண்டினால் இன்னொன்று, மாதா கோயில் வாசலில் மூன்று. கல்லறைத் தோட்டத்துக்கு முன்னால்கூட ஒன்று உண்டு. அதிலும் 'நல்வரவு' என்றுதான் எழுதியிருக்கிறது. மழைக்காலத்தில் வளைவுக்கு வளைவு தாவி, நனையாமல் ஊரைச் சுற்றி வந்துவிடலாம். முட்டையிடக் கரையேறிய ஆமை ஒன்று, இவ்வளவு மரியாதையாகக் கூப்பிடுகிறார்களே என்று கோயில் வரைக்கும் நடந்தே வந்தது. முட்டைகள் என்ன ஆயின என்பதை, இதை மீன்துறைக்காரர்களும் படிக்கக்கூடும் என்பதால், சொல்லாமல் விடுகிறேன்.

வளைவுகளைக் கட்டியது பல்கலைக்கழகம். எங்கள் மாகாணத் தலைநகரான அம்போனிலிருந்து ஆண்டுதோறும் ஒரு கூட்டம் மாணவர்களைக் களப்பணிக்கு எங்களிடம் அனுப்புவார்கள். வசதியில்லாத ஊரில் ஆறு வாரம் தங்கி, அந்த ஊருக்கு ஏதாவது ஒரு நல்லது செய்துவிட்டுப் போனால்தான் பட்டம். பிள்ளைகள் தங்கமானவர்கள். என்ன நல்லது செய்யலாம் என்று யோசித்து முடிப்பதற்குள் நாலு வாரம் ஓடிவிடும். மிச்சமிருக்கும் நாட்களில் முடியக்கூடியது வளைவு ஒன்றுதான்.

வளைவுக்காக நாங்கள் அவர்களை எதிர்பார்ப்பதில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மீசை அரும்பியதும் அதே பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போய்விடுகிறார்கள். போனவர்கள் திரும்புவதில்லை. கணக்கியல் படித்துவிட்டு இங்கே வந்து எதைக் கணக்குப் பார்ப்பது? ஆக, பல்கலைக்கழகம் எங்கள் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, ஆண்டில் ஆறு வாரம் வேறு யாரோ பெற்ற பிள்ளைகளை இரவல் தருகிறது. அந்த ஆறு வாரமும் கோயில் பாட்டில் ஆண்குரல் கேட்கும். வாலிபால் வலைக்கு இரண்டு பக்கமும் ஆள் நிற்கும். படகைக் கரைக்கு இழுக்கும்போது யாரும் இடுப்பைப் பிடித்துக்கொள்ள மாட்டார்கள். விதவைகள் பகலிலேயே தலைசீவிக் கொள்வார்கள்.

அவர்களில் ஊர்க்கதை சேகரிக்க வருகிறவர்களை என்னிடம் அனுப்பிவிடுவது வழக்கம். அமாவாசையன்று எங்கள் தீவு கொஞ்சம் கிழக்கே நகரும், அதனால்தான் படகுகளை நீளக் கயிற்றில் கட்டுகிறோம் என்று ஒருவனுக்குச் சொன்னேன். பரீட்சையில் அதை எழுதியிருக்கிறான். அதற்குப் பிறகு அம்போனில் இந்தத் தாத்தாவின் பெயர் பரவிவிட்டது: கைத்தான் ஓப்பா சொன்னால் நம்பாதே. இது பின்னால் எங்களுக்கு எப்படிக் கெடுதலாக முடிந்தது என்பதற்கு வருகிறேன்.

சென்ற ஆண்டு வந்த கூட்டத்தில் செல்ஃபினா என்று ஒரு பெண். கட்டடப் பொறியியல் படிப்பு. அம்மா அம்போன் சந்தையில் வாழைப்பழம் பொரித்து விற்கிறவள். மற்றவர்கள் வளைவுக்கு என்ன நிறம் அடிப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, இவள் வீடு வீடாகப் போய் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். எங்கள் கிணறுகள் எல்லாம் உப்பு. காப்பியே அழுத கண்ணீர் மாதிரி இருக்கும். நல்ல தண்ணீர் தீவின் முதுகுப்பக்கம், பாறைக் குகைக்குள் ஒரு ஊற்றில் கிடைக்கிறது. பெண்கள் படகில் போய்க் கேன்களில் பிடித்து வருவார்கள்.

"அந்த ஊத்து எவ்வளவு உயரத்துல இருக்கு மாமா?" என்று அவள் தமியானுஸிடம் கேட்டாள்.

தமியானுஸ் என் மனைவியின் தம்பி, ஊரின் ஓலைக்காவலன். அதிகம் பேசமாட்டான். "ஏறிப் பாரு, மூச்சு சொல்லும்" என்றான்.

ஏறிப் பார்த்தாள். ஊற்று கோயில் கூரையைவிட உயரத்தில் இருக்கிறது, குழாயைக் குன்றின் மேல் ஏற்றாமல் கரையோரமாகச் சுற்றிக் கொண்டுவந்தால் தண்ணீர் தானே வரும் என்றாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஏதோ ஒரு பழைய திட்டத்தின் குழாய்ச் சுருள்கள் கிடந்தன. அதுவரை அவற்றில் பன்றிகள் குடியிருந்தன. பன்றிகளைக் காலி செய்யவைப்பதுதான் பெரிய வேலை. மற்றதெல்லாம் அவள் கையும் தமியானுஸின் படகும். ஒருநாள் மத்தியானம் கோயில் முற்றத்தில் நட்ட குழாயில் முதலில் காற்று வந்தது, பிறகு ஒரு தவளை, பிறகு தண்ணீர். தமியானுஸ் முதல் வாய் குடித்துவிட்டு, "உப்பில்ல" என்றான். அவனைப் பொறுத்தவரை அது ஒரு சொற்பொழிவு.

அந்த வாரமே எங்கள் ராஜா பக்கத்து நகரமான துவாலிலிருந்து திரும்பினார். ராஜா என்றால் அரைக்கால் சட்டை போட்ட ராஜா. ஊர்த்தலைவருக்கு எங்கள் பக்கம் அதுதான் பட்டம். மற்ற நேரங்களில் படகு எஞ்சின் பழுது பார்ப்பார். பெரியவர்களைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார்.

"தண்ணி வந்திருச்சுல்ல, இனிமே நம்ம ஊரு வசதியுள்ள ஊராம்" என்றார், இழவு சொல்வது மாதிரி. "பல்கலைக்கழகத்துலேர்ந்து மேற்பார்வைக்கு லத்து சார் வர்றாரு. அவரு இந்தக் குழாயைத் தொறந்து பாத்துட்டா கதை முடிஞ்சுது. அடுத்த வருஷம் புள்ளைங்க லெர்வானுக்குப் போயிரும்."

லெர்வான் எதிர்த் தீவு. கண்ணுக்குத் தெரியும், பிடிக்காது.

"அங்க என்ன கஷ்டம் இருக்கு?" என்றாள் தமியானுஸின் மனைவி நெல்லா. "நம்மளவிட நல்லாத்தானே சாப்பிடறாங்க?"

"பள்ளிக்கூடத்துக் கூரையைப் பிரிச்சு வெச்சிருக்காங்களாம்" என்றார் ராஜா.

"திருட்டுப் பசங்க" என்றேன் நான். "கஷ்டப்படறதுலகூட நேர்மை இல்ல."

யாரோ ஒருவர், குழாயை எங்காவது ஓரிடத்தில் கழற்றிவிட்டால் என்ன என்று இழுத்தார்.

"அந்தப் புள்ளையோட கையைப் பாத்தியா?" என்றாள் நெல்லா. "ரெண்டும் கொப்புளம். கழட்டறவன் எவனோ அவனுக்கு இனி எங்க வீட்டு அடுப்புல வேகறது கெடையாது."

 வெளியே மாணவர்கள் வாலிபால் ஆடுகிற சத்தம். பந்து ஒருமுறை உள்ளே உருண்டு வந்தது. ஒரு பையன் மன்னிப்புக் கேட்டு எடுத்துக்கொண்டு ஓடினான். எல்லோரும் அந்தப் பையன் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஓடுகிற ஆளைப் பார்ப்பது எங்கள் ஊரில் அபூர்வம்.

"கழட்ட வேணாம்" என்றான் தமியானுஸ், தரையைப் பார்த்தபடி. "சார் வந்துட்டுப் போற வரைக்கும் ஓலை கட்டிருவோம்."

இளம் தென்னங்குருத்தை முறுக்கி ஒரு மரத்திலோ பாறைத்திட்டிலோ கட்டிவிட்டால், அவிழ்க்கும் நாள் வரை அதை யாரும் தொடக்கூடாது. தேங்காய் முற்றவும் கடலட்டை பெருகவும் எங்கள் முன்னோர் செய்துவைத்த ஏற்பாடு. கோயிலில் ஜெபம் சொல்லி, செத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓலைக்காவலன் கட்டுவான். மீறினவனுக்கு வயிறு வீங்கும். அதோடு, மீறி எடுத்த பொருளைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, தன் குற்றத்தைத் தானே கூவியபடி ஊரைச் சுற்றிவர வேண்டும். என் பெரியப்பா ஒரு தேங்காய்க்காக நடந்தார். சுற்றி முடிப்பதற்குள் அது முளைவிட்டு, காதை மறைத்தது.

மறுநாள் காலையில் குழாயில் ஓலை தொங்கியது. ஜெபம் இல்லை, முன்னோருக்கு வார்த்தை இல்லை. தமியானுஸ் பொய்யாகக் கட்டிய முதல் ஓலை. கட்டும்போது அவன் விரல்கள் முடிச்சை மறந்துபோயின, மூன்று தரம் அவிழ்த்துக் கட்டினான்.

செல்ஃபினா வந்து பார்த்தாள்.

"இது எதுக்கு மாமா?"

"புதுத் தண்ணி" என்றான் தமியானுஸ். "கொஞ்ச நாள் ஓலைக்குள்ள இருக்கணும். வழக்கம்."

அவள் எதிர்த்துக் கேட்டிருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும். அவளோ முகம் மலர்ந்து போனாள். ஊருக்குப் போனால் ஊர் வழக்கத்தை மதிக்கவேண்டும் என்பதுதான் கிளம்புமுன் பல்கலைக்கழகத்தில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமாம். குழாய் முன்னால் கைகட்டி நின்றாள். பிறகு போனில் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், சத்தமாகவே பேசினாள்: "அம்மா, என் குழாய்க்கு இவங்க ஓலை கட்டியிருக்காங்கம்மா. தென்னமரம், கடலு, அதுக்கெல்லாம் கட்டுவாங்கள்ல, அந்த மாதிரி."

அன்று மத்தியானம் ஊரில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலம் எல்லோருக்கும் வயிற்றுவலி. கம்பவுண்டர் மாத்திரை கொடுத்தார், முதல் மாத்திரையைத் தானே போட்டுக்கொண்டு. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த நாய்க்குக்கூட வலி. கூட்டத்துக்கு வராத நாய்கள் நன்றாகவே இருந்தன.

லத்து சார் வரும் நாள் நெருங்கியபோது செல்ஃபினா தமியானுஸின் வீட்டுக்குப் போனாள். வலை பின்னிக்கொண்டிருந்தவன் எழுந்துகொள்ளவில்லை. எழுந்தால் அவள் முகத்தைப் பார்க்கவேண்டியிருக்கும்.

"மாமா, சார் நாளைக்கு வர்றாரு. அதுக்குள்ள ஓலை அவிழ்க்கிற நாள் வருமா? அவரு கண்ணால பாத்தாத்தான் எனக்கு மார்க்கு. இல்லாட்டி இன்னொரு வருஷம். எனக்கு உதவித்தொகை இந்த வருஷத்தோட சரி."

"வராது" என்றான்.

"சரி மாமா" என்றாள். சற்று நின்றாள். "அவசரப்படுத்தறேன்னு நெனச்சுக்காதீங்க. கேட்டது தப்புதான்."

அவள் போனபிறகு நெல்லா கணவனுக்கு எதிரே உட்கார்ந்து, அவன் பின்னிய கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். எல்லாம் தப்பும் தவறுமாக இருந்தனவாம்.

லத்து சார் ஸ்பீட் போட்டில் வந்து இறங்கினார். தடித்த மனிதர், நல்ல மனிதர். ஒவ்வொரு வளைவின் கீழும் நின்று, இது எந்த ஆண்டுக் கூட்டம் கட்டியது என்று விசாரித்து, மெல்லப் பெருமூச்சு விட்டபடி நடந்தார். கோயில் முற்றத்துக்கு வந்து ஓலையைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினார். அவரும் எங்கள் கடலில் பிறந்தவர்தானே.

"தண்ணி வருதா?"

"வருது சார்" என்றாள் செல்ஃபினா. "இப்ப ஓலைக்குள்ள இருக்கு."

"பைப்பை வேற எங்கயாவது கழட்டிக் காட்டலாமே?"

"அதுவும் அதே தண்ணிதானே சார்."

அவர் ராஜாவைப் பார்த்தார். "ஊர்ல இன்னும் தண்ணிக் கஷ்டம்தானா?"

ராஜா தன் அரைக்கால் சட்டையின் பையில் எதையோ தேடினார். "கஷ்டம்தான் சார்."

"எனக்கு இந்தப் பொண்ணைத் தெரியும். பொய் சொல்லமாட்டா" என்றார் லத்து சார், எங்கள் எல்லோரையும் சுற்றிப் பார்த்து. "ஆனா பாக்காத தண்ணிக்கு நான் மார்க் போடமுடியாதே."

"பரவாயில்ல சார். வழக்கத்தை மதிக்கணும்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க" என்றாள்.

அதோடு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். பெண்கள் அவளுக்குப் பரிமாறிய விதத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஒருத்தி சுட்ட மீனின் கன்னச்சதையைப் பிய்த்து வைத்தாள். இன்னொருத்தி கிழங்கு அடையை அடுக்கினாள். தன் பிள்ளைக்கு ஒளித்து வைத்திருந்த நண்டை ஒருத்தி கொண்டுவந்து உடைத்தாள். கொஞ்ச நேரத்தில் இலைக்கு அந்தப் பக்கம் அவள் தலைமுடி மட்டும்தான் தெரிந்தது.

"எதுக்கும்மா எல்லாரும் எனக்குக் கருமாதிச் சாப்பாடு போடறீங்க?" என்று சிரித்தாள். பதிலுக்கு இன்னொரு அடை விழுந்தது.

தமியானுஸ் சாப்பிட வரவில்லை. முற்றத்தில், குழாய்க்கு எதிரே, வெயிலில் உட்கார்ந்திருந்தான். அவள் தன் இலையிலிருந்து பாதியை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு அவனிடம் போனாள்.

"சாப்பிடுங்க மாமா. எனக்காக வருத்தப்படறீங்கன்னு தெரியுது. ஓலைதான் பெரிசு. என் மார்க்கு சின்னது."

தமியானுஸ் தட்டை வாங்கிக் கீழே வைத்தான். எழுந்தான். இரண்டு கையாலும் ஓலையைப் பிடித்து அறுத்தான். குழாயைத் திருகினான்.

அத்தனை நாள் அடைபட்டிருந்த தண்ணீர். லத்து சாரின் ஒரு செருப்பு மிதந்து கல்லறைத் தோட்டத்து வளைவு வரை போனது. கூட்டிக் குறைத்துச் சொல்லும் ஆள் இல்லை நான். தமியானுஸ் அந்தத் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தான்.

"மாமா, உங்க வயிறு" என்று அலறினாள் செல்ஃபினா. இரண்டு கையாலும் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், வீங்கவிடாமல் தடுக்கிறவள் போல.

பொய் ஓலையென்றாலும் ஊர் கண்ணுக்கு அது ஓலைதான். காவலனே அறுத்த கதை எங்கள் ஊரில் கிடையாது. அவன் யாரும் சொல்லக் காத்திருக்கவில்லை. ஒரு கேனில் தண்ணீர் பிடித்து, கயிறு போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். "ஓலையை அறுத்தவன் நான். என்னை மாதிரி செய்யாதீங்க." அவ்வளவுதான் கூவினான். ஏன் கட்டினான் என்பதைக் கூவவில்லை. அதைச் சொன்னால் எங்கள் எல்லோர் பெயரையும் சொல்லவேண்டும்.

செல்ஃபினா இன்னொரு கேனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவன் பின்னால் ஓடினாள். "என்னாலதான். மார்க்குக்கு ஆசைப்பட்டது நான்தான். மாமாவை மன்னிச்சிருங்க." ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டாள். ராஜா வாயைத் திறந்தார், லத்து சாரைப் பார்த்தார், மூடிக்கொண்டார். நெல்லா முகத்தைப் பாவாடையில் புதைத்துக்கொண்டாள். நான் ஒரு வளைவின் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். வளைவுகளால் அன்றைக்குத்தான் ஒரு உபயோகம் கண்டேன்.

லத்து சார் அவளுக்கு முழு மார்க்கு போட்டார்.

கிளம்பும் காலையில் தமியானுஸ் படகுத்துறையில் அவளைத் தனியாகக் கூப்பிட்டான். "இங்க பாரும்மா, அந்த ஓலையைப் பத்தி ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கினான். இரவெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததாக நெல்லா பிறகு சொன்னாள். செல்ஃபினா அவன் வயிற்றில் கைவைத்துப் பார்த்தாள். "வீங்கவே இல்ல மாமா. பாட்டன் பூட்டன் எல்லாரும் மன்னிச்சிட்டாங்க" என்று அழுதாள். அதன்பிறகு அவனால் என்ன சொல்லமுடியும்?

இந்த ஆண்டு எங்களுக்குக் களப்பணி இல்லை. பிள்ளைகள் லெர்வானுக்குப் போனார்கள். காற்று அடிக்கும் சாயங்காலங்களில் அவர்கள் பந்து தட்டும் சத்தம் கடலைத் தாண்டி வரும். நாங்கள் உப்பில்லாத காப்பி குடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்போம்.

சென்ற ஆண்டு பொய் ஓலை கட்டிய அந்த வாரம் இந்த ஆண்டு திரும்பி வந்தபோது, தமியானுஸ் குருத்து வெட்டிக்கொண்டு வந்தான். கோயிலில் ஜெபம் சொல்லி, கல்லறைத் தோட்டத்தில் வார்த்தை சொல்லி, முறையாகக் குழாயில் ஓலை கட்டினான். "ஒரு வாரம்" என்றான். "இனிமே வருஷா வருஷம். அந்தப் புள்ளகிட்ட வழக்கம்னு சொல்லியாச்சு. வழக்கமா ஆக்கிருவோம்." ஒருவர்கூட மறுக்கவில்லை. பெண்கள் கேனைத் தூக்கிக்கொண்டு பழையபடி குகைக்குப் படகில் போனார்கள்.

அந்த ஒரு வாரத்துக்குள் பார்த்து அம்போனிலிருந்து இரண்டு மாணவிகள் வந்து இறங்கினார்கள். செல்ஃபினா பட்டம் வாங்கி, இப்போது அங்கேயே உதவியாளராகப் பாடம் நடத்துகிறாளாம். அவள்தான் அனுப்பியிருக்கிறாள், புதுத் தண்ணீருக்கு ஓலை கட்டும் தொன்மையான வழக்கத்தை ஆராய்ச்சி செய்ய. இனெக்கே என்பவள் தமியானுஸின் முன்னால் பேனாவோடு உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன், வாயை மூடிக்கொண்டு.

தமியானுஸ் சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான்: கூட்டம், லெர்வான் கூரை, பந்து உருண்டு வந்தது, ஜெபமில்லாத முடிச்சு. அவன் ஆயுளில் அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை. "இதைக் கொண்டுபோய் அந்தப் புள்ளகிட்டச் சொல்லும்மா" என்று முடித்தான்.

இனெக்கே பேனாவை மூடினாள். என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"கைத்தான் ஓப்பா, நீங்க சொல்லிக்கொடுத்தீங்களா? செல்ஃபினா அக்கா அப்பவே சொன்னாங்க, அங்க ஒரு ஓப்பா இருக்காரு, ஊரையே நகர்த்துவாருன்னு."

"நான் வாயே தெறக்கலையே."

"அதான் சந்தேகம்."

தமியானுஸ் மாதாவின் பேரில் சத்தியம் செய்தான். நானும் செய்தேன், நான் செய்திருக்கக்கூடாது. இன்னும் சிரித்தார்கள்.

"சரி மாமா, வெளையாட்டு போதும். நெஜமா இந்த வழக்கம் எவ்வளவு காலமா இருக்கு?"

தமியானுஸ் என்னை ஒரு பார்வை பார்த்தான். எழுந்து கேனை எடுத்தான். "தண்ணி எடுக்கப் போகணும்" என்றான்.

"நாங்களும் வர்றோம், நாங்க தூக்கறோம்" என்று இருவரும் ஆளுக்கொரு கேனோடு அவன் பின்னால் ஓடினார்கள். வளைவு வளைவாகக் கடந்து படகுக்குப் போகிறவரை அவர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முற்றத்தில் நானும் குழாயும்தான். ஓலையைத் தொடாமல், காதைக் குழாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். உள்ளே தண்ணீர் நின்றுகொண்டிருக்கும் சத்தம் கேட்டது. நிற்கிற தண்ணீருக்கு ஏது சத்தம் என்று கேட்கவேண்டாம்.

சட்டையைத் தூக்கி வயிற்றைத் தடவிப் பார்த்தேன். கொஞ்சம் வீங்கித்தான் இருந்தது.